ஸ்குவாட்டில் உங்கள் உச்ச எடை எவ்வளவு? முதலில் எதுவரை இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள்

ஜிம்முக்குப் போக ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனதும் எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். ஒரே ஒரு தடவை, அதிகபட்சமாக எவ்வளவு எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ, அதாவது ஸ்குவாட் செய்ய, முடியும் என்று பார்த்துவிட வேண்டும். இதைத்தான் ஒன் ரெப் மேக்ஸ் என்கிறார்கள், சுருக்கமாக மேக்ஸ். ரெப் என்பது ஒரு தடவை இறங்கி எழுவது. ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒருவர் "நான் 140 கிலோ அடிச்சேன்" என்று சொல்லும்போது அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. எதுவரை இறங்கி 140 என்பது மீதிப் பாதி, பெரும்பாலும் அந்தப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி எடுத்த 140, தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கி எடுத்த 100, இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் எழுத முடியாது. இரண்டும் வேறு வேறு சோதனை. இது மற்றவர்களோடு ஒப்பிடும்போது மட்டும் வரும் தொல்லை என்று நினைக்காதீர்கள். உங்களுடைய சென்ற தடவை எண்ணையும் இந்தத் தடவை எண்ணையும் ஒப்பிடும்போதுதான் இது அதிகம் ஏமாற்றும். ஆகவே புதிதாகச் சோதிக்கப் போகிறவர் முதலில் ஆழத்தை முடிவு செய்யட்டும், அப்புறம் பிளேட்டை, அதாவது எடைத் தட்டைத் தொடலாம்.

ஆழம் மாறினால் எடை ஏன் இவ்வளவு மாறுகிறது

கால் நேராக இருப்பதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், முழங்கால் சுமார் 60 பாகை மடங்குவது குவார்ட்டர் ஸ்குவாட். 90 பாகை சுற்றி வந்தால் ஹாஃப். தொடை தரைக்கு இணையாகும்போது முழங்கால் ஏறத்தாழ 100 முதல் 110 பாகை மடங்கியிருக்கும், அது பேரலல். 120ஐத் தாண்டினால் ஃபுல். இந்தப் பெயர்களை ஆளுக்கு ஒரு மாதிரி பயன்படுத்துகிறார்கள், அதனால் பெயரை நம்பாமல் உடம்பு எங்கே நின்றது என்பதைப் பார்ப்பதே நல்லது.

இப்போது கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். ஸ்குவாட் ஒழுங்காகப் போகும்போது, எடை மாட்டித் தோளில் வைக்கும் கம்பியான பார் எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்கும். இடுப்பு அதற்குப் பின்னால் போகும், முழங்கால் முன்னால் போகும். பாரிலிருந்து இடுப்பு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு சுமை இடுப்புத் தசைகளுக்கு, முழங்கால் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு சுமை முன் தொடைக்கு. இந்த இரண்டு தூரத்தையும் கூட்டினால் வருவது இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரம். உங்கள் தொடை எலும்பு 42 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். தொடை தரையோடு 45 பாகை சாய்ந்திருக்கும்போது இந்தத் தூரம் ஏறத்தாழ 30 செ.மீ. 30 பாகைக்கு வரும்போது 36. தொடை தரைக்கு இணையாகும்போது முழு 42. அதே எடைதான், ஆனால் 30 செ.மீ. நெம்புகோலில் தாங்குவதற்கும் 42 செ.மீ. நெம்புகோலில் தாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. இணையைத் தாண்டி இன்னும் 15 பாகை கீழே போனால் அந்தத் தூரம் கூடுவதில்லை, கொஞ்சம் குறையக்கூடச் செய்கிறது, சுமார் 41 செ.மீ. ஆகிறது. அதனால்தான் இணைக்கு மேலே நிற்பவர் ஒருவர் இரண்டு அங்குலம் கூடுதலாக இறங்கினால் எடை மளமளவென்று குறைகிறது, ஆனால் ஏற்கெனவே இணையைத் தாண்டி நல்ல கட்டுப்பாட்டோடு இறங்குபவர் இன்னும் இரண்டு அங்குலம் போனால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. உடம்பு வளைந்து கொடுக்காதவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அடியில் முதுகு வளைந்து, குதிகால் தூக்கி, நிலையே குலைந்துபோவதால் எடை குறைகிறது.

மேக்ஸ் எடையில் தோற்பவர்கள் பெரும்பாலும் அடிமட்டத்தில் தோற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அடியில் தசையும் தசைநாணும் இழுபட்டுத் திரும்பும் வேகம் கொஞ்சம் கைகொடுக்கும். அந்த வேகம் தீர்ந்து, இணைக்குக் கொஞ்சம் மேலே வரும்போதுதான் பார் நின்றுபோகும். ஜிம்மில் ஸ்டிக்கிங் பாயின்ட் என்று சொல்வது இதைத்தான். குவார்ட்டர் ஸ்குவாட் அடிப்பவர் அந்த இடத்துக்குப் போகாமலேயே திரும்பி வந்துவிடுகிறார். அவர் எண் பெரிதாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

எந்த ஆழத்தில் பயிற்சி செய்கிறோமோ அந்த ஆழத்தில்தான் பலம் நன்றாக ஏறுகிறது என்பதும் சோதித்துப் பார்த்த விஷயமே. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் ஸ்குவாட் செய்ய வைத்தார்கள். ஒரு குழு முழங்காலை 120 பாகைவரை மடக்கியது, மற்றது 60 பாகைவரை மட்டும். ஆழமாக இறங்கிய குழுவுக்கு இரண்டு ஆழத்திலும் உச்ச எடை கூடியது. மேலேயே நின்ற குழுவுக்கு முக்கியமாக அவர்கள் பழகிய ஆழத்தில்தான் கூடியது. எதை அளக்கிறோம் என்பது எதுவரை இறங்குகிறோம் என்பதோடு கட்டுண்டிருக்கிறது.

முதல் படி: உங்கள் ஆழத்தை முடிவு செய்வது

அதிக எடை தூக்கும் பவர்லிஃப்டிங் போட்டிகளில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி, இடுப்பு மூட்டு இருக்கும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக நின்றால் போதாது, கீழே போக வேண்டும். மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்கு காட்டினால்தான் செல்லும். நீங்கள் போட்டிக்குப் போகப் போவதில்லை என்றாலும் இந்த விதியையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் எளிது, உடம்பிலேயே இருக்கும் இரண்டு அடையாளங்களை வைத்து அளப்பது இது, யார் பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வர முடியும். 'நல்லா இறங்கினேன்' என்பதை யாரும் அளக்க முடியாது.

ஆனால் எல்லா உடம்பும் அங்கே உடனே போகாது. வெறும் பாரை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறங்கி, அடியில் ஒரு வினாடி நில்லுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போனில் எடுங்கள். குதிகால் தரையில் இருக்கிறதா, கீழ்முதுகு திடீரென்று உள்ளே சுருண்டுகொள்கிறதா என்பது பக்கவாட்டில் தெரியும். முழங்கால்கள் உள்பக்கமாக விழுகின்றனவா என்பதை இன்னொரு தடவை முன்னாலிருந்து பாருங்கள். இவை ஒழுங்காக இருக்கும் கடைசி ஆழம் எதுவோ அதுதான் இப்போதைக்கு உங்கள் ஆழம். அது இணைக்குக் கொஞ்சம் மேலே என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதையே பிடித்துக்கொண்டு சோதிக்கலாம், ஆனால் நோட்டில் 'இணைக்கு மேல்' என்று நேர்மையாக எழுத வேண்டும்.

இறங்க விடாமல் தடுப்பது பல பேருக்குக் கணுக்கால்தான். சுவரைப் பார்த்து நின்று, கால் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. விட்டு, குதிகால் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம் என்று அர்த்தம். குதிகால் உயர்ந்த லிஃப்டிங் ஷூ இதற்கு உடனடியாக உதவும். குதிகாலுக்கு அடியில் சின்ன பிளேட்டை வைத்துக்கொள்வதைப் பயிற்சிக்கு விட்டுவிடுங்கள், மேக்ஸ் சோதனையன்று அது வேண்டாம், நழுவினால் கதை முடிந்தது.

"ஆழமாக இறங்கினால் முழங்கால் போய்விடுமே" என்ற பேச்சு வரும். இது 1961இல் கார்ல் க்ளைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னதிலிருந்து பரவியது, ஆழமான ஸ்குவாட் மூட்டுத் தசைநார்களைத் தளர்த்துகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஆரோக்கியமான மூட்டு, கட்டுப்பாடான இறக்கம், படிப்படியாக ஏற்றிய எடை, இந்த மூன்றும் இருந்தால் ஆழத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. உண்மையில் எனக்குப் பயமாக இருப்பது, இரண்டு அங்குலம் மட்டும் இறங்குவதற்காக முதுகெலும்பு மேல் ஒரு மலையையே ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்தால்தான். ஏற்கெனவே மூட்டில் வலியோ வீக்கமோ இருப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மேக்ஸ் சோதனையையே தவிர்க்கட்டும். மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும், அது விளையாட்டில்லை.

இரண்டாம் படி: ஆழத்தை எப்படி உறுதி செய்வது

கண்ணாடியைப் பார்த்து ஆழத்தைக் கணிக்க முடியாது. எதிரில் இருக்கும் கண்ணாடியில் இடுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியவே தெரியாது, பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் எடையோடு உடம்பும் திரும்பும். போன்தான் சரி. ஆனால் போனை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பெரிய தில்லுமுல்லு ஒளிந்திருக்கிறது, பல பேர் தெரியாமலேயே தங்களை ஏமாற்றிக்கொள்வது இங்கேதான்.

முன்பக்கம் ஒரு சாய்கோணத்தில், தரையில் போனைச் சாய்த்து வைத்து எடுக்கும் வீடியோ ரொம்பப் பிரபலம், எடையும் பெரிதாகத் தெரியும், ஆளும் கம்பீரமாகத் தெரிவார். அந்தக் கோணத்தில் முழங்கால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இடுப்பு தள்ளி இருக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது கிட்டே இருப்பது உயரமாகத் தெரியும். முழங்கால் உயர்ந்து தெரிவதால் இடுப்பு அதற்குக் கீழே போன மாதிரி இருக்கும், இணைக்கு மேலே நின்ற ஸ்குவாட்கூட ஆழமாகத் தோன்றும். அதே தரைமட்டத்தில் பின்பக்கச் சாய்கோணத்திலிருந்து எடுத்தால் எல்லாம் தலைகீழ், நல்ல ஸ்குவாட்கூட மேலே நின்றதுபோல் இருக்கும். முன்பக்கம் தலை உயரத்தில் ஒருவர் நின்றுகொண்டு எடுத்தாலும் அப்படியே, ஆழம் குறைந்து தெரியும்.

அதனால் போன் சரியாகப் பக்கவாட்டில் இருக்கட்டும். உயரம் உங்கள் முழங்கால் உயரம், அதாவது அடியில் இருக்கும்போது இடுப்பு மடிப்பு வரும் உயரம். தூரம் மூன்று மீட்டராவது இருந்தால் நல்லது, தள்ளி வைத்து ஜூம் செய்துகொண்டால் கோணப் பிழை குறையும். தரையில் போன் நின்ற இடத்துக்கும் உங்கள் பாதம் நின்ற இடத்துக்கும் ஒரு டேப் ஒட்டி வையுங்கள், அடுத்த தடவை அதே இடம். தொளதொள பேன்ட் போட்டால் இடுப்பு மடிப்பு எங்கே என்றே தெரியாது, ஒட்டிய மாதிரி இருக்கும் ஷார்ட்ஸோ டைட்ஸோ போடுங்கள். வீடியோவை அடியில் நிறுத்தி, இடுப்பு மடிப்பிலிருந்து முழங்கால் உச்சிக்கு ஒரு கோடு மனதில் போட்டுப் பாருங்கள். கோடு முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கி இறங்கினால் செல்லும்.

இன்னொரு வழி, பாரை மாட்டி வைக்கும் ராக்கின் இரண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை உங்கள் ஆழத்துக்குக் கட்டிவிடுவது. பின்பக்கம் அதைத் தொட்டதும் எழுந்துவிடலாம். கயிறு எடையைத் தாங்காது என்பதுதான் இதன் நல்ல குணம். பெட்டியோ பெஞ்சோ வைத்தால், கனமான எடையில் மனசு சொல்லாமலேயே உட்கார்ந்துவிடும், எடையில் ஒரு பங்கைப் பெட்டி வாங்கிக்கொள்ளும், முதுகும் அழுத்தப்படும். பெட்டி ஸ்குவாட் தனிப் பயிற்சி, அதை உச்ச எடைச் சோதனையில் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: சோதிப்பதற்கு முன்பே ஒரு கணிப்பு

பார் பிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் இந்தச் சோதனை வேண்டாம். அந்தக் காலத்தில் கூடும் எடையில் பெரும்பகுதி உடம்பு அசைவைப் பழகிக்கொள்வதால் வருவது, அடுத்த மாதமே அந்த எண் பழசாகிவிடும். ஐந்து ரெப் செட்டுகளை (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஐந்து ரெப் ஒரு செட்) ஒரே ஆழத்தில், ஒரே மாதிரி, சலிக்காமல் செய்ய முடிகிற நிலை வந்த பிறகு யோசிக்கலாம்.

அந்த ஐந்து ரெப் செட்டிலிருந்தே ஒரு கணிப்பைப் போடலாம். எப்லி சூத்திரம்: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். 80 கிலோவில் 5 ரெப் என்றால் சுமார் 93. பிரிஸிக்கி சூத்திரம்: எடையை 36ஆல் பெருக்கி, 37லிருந்து ரெப்பைக் கழித்து வருவதால் வகுங்கள், இதில் 90. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உங்கள் மேக்ஸ் இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து ரெப்பும் ஒரே ஆழமா என்று பார்த்துவிட்டுத்தான் சூத்திரத்தில் போட வேண்டும். ஐந்தாவது ரெப் மேலேயே நின்றுவிட்டால் அது நான்கு ரெப், கணிப்பு 91, 87 என்று இறங்கிவிடும். சோர்வு வரும்போது முதலில் காணாமல்போவது ஆழம்தான், கால்கள் கடைசி ரெப்பில் செய்யும் கள்ளத்தனம் அது.

நான்காம் படி: தோற்பதற்கு ஏற்பாடு

மேக்ஸ் சோதனையில் தோற்பது சாதாரணம், தோற்கும்போது எடை எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சேஃப்டி பின்களை, அதாவது ராக்கில் பாரைத் தாங்கிப் பிடிக்க மாட்டும் கம்பிகளை, நீங்கள் முழு ஆழத்தில் இருக்கும்போது பார் நிற்கும் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. கீழே வையுங்கள். வெறும் பாரோடு இறங்கி இதைப் பாருங்கள். பின்னை ரொம்ப மேலே வைத்தால் பார் அடியில் பின்னில் இடிக்கும், அல்லது இடிக்குமோ என்ற பயத்தில் நீங்களே சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள். ஆழம் குறைவதற்கு இப்படி ஒரு சப்பையான காரணமும் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. ரொம்பக் கீழே வைத்தால் தோற்கும்போது உங்களோடு சேர்ந்து பாரும் மடங்கி விழும்.

வெறும் பாரில் ஒன்றிரண்டு தடவை வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள், அடியில் உட்கார்ந்து பாரைப் பின்னில் வைத்துவிட்டு முன்னால் நழுவி வருவது எப்படி என்று உடம்புக்குத் தெரியட்டும். பக்கத்தில் நின்று உதவும் ஸ்பாட்டர் இருந்தால் அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: பார் கீழ்நோக்கித் திரும்பினால் மட்டும் பிடிக்க வேண்டும், அதுவரை கை படக்கூடாது. விரல் பட்டாலும் அந்த முயற்சி கணக்கில் இல்லை. "லேசாத்தான் தொட்டேன்" என்பவர்தான் அதிகம் தூக்கியிருப்பார்.

ஐந்தாம் படி: சோதனை நாள்

இலக்கு 90 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு வரிசை சொல்கிறேன், இதை அப்படியே பிடிக்க வேண்டியதில்லை. 20 கிலோ வெறும் பாரில் எட்டுப் பத்து ரெப். 40இல் ஐந்து. 55இல் மூன்று. 67.5இல் இரண்டு. 77.5இல் ஒன்று, 85இல் ஒன்று, அப்புறம் 90. முதல் இரண்டு செட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் போதும், மேலே போகப்போக இரண்டு நிமிடம், கடைசி ஒற்றை ரெப்புகளுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 90 நன்றாக வந்தால் 92.5 அல்லது 95. கனமான முயற்சிகள் மொத்தம் மூன்று, மிஞ்சினால் ஐந்து, அதற்குள் முடித்துவிடுங்கள், அதைத் தாண்டினால் சோர்வைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இந்த வரிசையில் ஒவ்வொரு ரெப்பும், வெறும் பாரில் செய்வது உட்பட, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். வார்ம்-அப்பில் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கிவிட்டு, கனம் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே நிற்பது மனித இயல்பு. 55இல் இடுப்பு முழங்காலுக்கு நன்றாகக் கீழே. 77.5இல் சமம். 90இல் இரண்டு விரல்கடை மேலே. இதில் விசித்திரம் என்னவென்றால் உள்ளுக்குள் இது தெரியவே தெரியாது. கனமான எடையில் இறக்கம் மெதுவாகிறது, வயிற்றை இறுக்கிப் பிடிக்கிறோம், நேரம் நீளமாகத் தெரிகிறது, அதனால் 90இல் இறங்கியதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது என்று சத்தியம் செய்வீர்கள். வீடியோவைப் பார்த்தால்தான் முகம் விழும்.

அதனால் 77.5இல் தொடங்கி ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும், அடுத்த பிளேட்டை மாட்டும் முன், வீடியோவைப் பாருங்கள். ஓய்வு நேரம்தான் இருக்கிறதே, அதில் பாருங்கள். ஆழம் போதவில்லை என்றால் அந்த முயற்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், எடையைக் கூட்டாதீர்கள். ஓய்வெடுத்து அதே எடையை ஒரு தடவை மறுபடி முயலலாம். இரண்டாவது தடவையும் மேலேயே நின்றால் அதற்கு முந்திய செல்லுபடியான எடைதான் இன்றைய மேக்ஸ். முடியவே முடியாமல் பின்னில் போட்டுவிட்டால் ஐந்து கிலோ குறைத்து ஒரு தடவை பார்க்கலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலர் கனத்தைக் கண்டதும் தடாலென்று விழுந்து, வழக்கத்தைவிட ஆழமாகப் போய், இறுக்கம் போய் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள். இறங்கும் வேகத்தையும் வார்ம்-அப்பில் எப்படியோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையிலேயே மேக்ஸ்தானா என்று அறிய அதே வீடியோவில் ஒரு வழி இருக்கிறது. ஸ்குவாட்டில் உச்ச எடையில் பார் மேலே வரும் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 0.3 மீட்டர். பார் அடியிலிருந்து மேலே வர 60 செ.மீ. தூரம் என்றால் ஏறக்குறைய இரண்டு வினாடி எடுக்கும். ஒரு வினாடியில் எழுந்துவிட்டீர்கள் என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் 'இன்னும் 2.5 ஏற்றலாமா' என்று குழம்பும்போது இதைவிட நல்ல ஆலோசகர் கிடையாது.

எழுதி வைப்பது

எடையை மட்டும் எழுதினால் பிற்பாடு ஒன்றும் புரியாது. தேதி, உடல் எடை, தூக்கிய எடை, ஆழம், ஆழத்தை எப்படி உறுதி செய்தீர்கள், பார் கழுத்தை அடுத்து உயரமாக இருந்ததா இல்லை தோள்பட்டை எலும்பை ஒட்டித் தாழ்வாக இருந்ததா, என்ன ஷூ, பெல்ட் உண்டா, முழங்காலுக்கு மாட்டும் உறையான ஸ்லீவா, சுற்றும் பட்டையான ராப்பா. இறுக்கிச் சுற்றும் ராப் அடியிலிருந்து எழ ஸ்பிரிங் மாதிரி உதவும், அதைப் போட்டு எடுத்த எண்ணையும் போடாமல் எடுத்த எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது, ஒரு தடவை செருப்போடும் ஒரு தடவை வெறுங்காலோடும் உயரம் அளந்துவிட்டு வளர்ந்துவிட்டேன் என்று சொல்வது போலத்தான்.

இப்போது ஓர் உதாரணம். முதல் தடவை 100. மூன்று மாதம் கழித்து 110. சந்தோஷம்தான், ஆனால் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவதில் இடுப்பு 5 செ.மீ. மேலேயே நின்றுவிட்டது தெரிகிறது. பத்து கிலோ பலம் கூடியதா, ஐந்து செ.மீ. ஆழம் குறைந்ததா? இதைப் பிரித்துச் சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை, ஆளுக்கு ஆள் தொடை நீளம், உடல் சாய்வு எல்லாம் மாறும். வேறு ஒரு நாள் பழைய ஆழத்தில் 100ஐ எடுத்து எத்தனை ரெப் வருகிறது என்று பாருங்கள். மூன்று வந்தால் பலம் நிஜமாகவே கூடியிருக்கிறது. ஒன்றோடு திணறினால் கூடியது எடை மட்டும்தான்.

இந்த எண் வெறும் பெருமைக்கு என்றால் பரவாயில்லை. ஆனால் பயிற்சித் திட்டங்கள் மேக்ஸில் 75 சதவீதம், 80 சதவீதம் என்று எடையைச் சொல்லும். மேலே நின்று எடுத்த 120ஐ வைத்து 80 சதவீதம் போட்டால் 96 வரும். ஒழுங்காக இறங்கினால் உங்கள் உண்மையான மேக்ஸே 100 என்றால், 96இல் ஐந்து ரெப் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வீர்கள்? மறுபடியும் மேலேயே நிற்பீர்கள். அப்படியே மாதக்கணக்கில் போகும்.

குவார்ட்டர் ஸ்குவாட்டே மோசம் என்று சொல்லவில்லை. குதிக்கும் விளையாட்டுக்காரர்கள் அந்தக் கோணத்துக்காகவே அதைப் பயிற்சியில் சேர்ப்பதுண்டு, மூட்டுக் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் அங்கிருந்துதான் தொடக்கம். அதைத் தனிப் பயிற்சியாக வைத்து, தனி மேக்ஸாக எழுதுங்கள், பின்னின் உயரத்தை வைத்து ஆழத்தைக் கட்டுங்கள்.

அடுத்த சோதனைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடுங்கள். அதே ஷூ, அதே பெல்ட், அதே டேப் அடையாளம், முடிந்தால் அதே நேரம். நாளுக்கு நாள் சில சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு, 2.5 கிலோ குறைந்ததற்கெல்லாம் திட்டத்தை மாற்றாதீர்கள். இடையில் கணுக்கால் தளர்ந்து இன்னும் ஆழமாக இறங்க முடிகிறது என்றால் நல்லது, ஆனால் அன்றிலிருந்து நோட்டில் புதுப் பத்தி தொடங்குங்கள். பழைய பத்தியில் 100 இருக்கும், புதுப் பத்தியின் முதல் எண் 92.5 ஆக இருக்கலாம். அதை வீழ்ச்சி என்று யாராவது சொன்னால் வீடியோவைக் காட்டுங்கள்.